மேபலை ஆல்டர்மியருக்கு அனுப்புவது பற்றி

ஆல்டர்மியர், கான்சஸ்
14 மார்ச் 1888

அன்புள்ள அகஸ்டா அக்கா,

இந்தக் கடிதம் டார்செட் வந்து சேரும்போது உன் முழங்கால் வலி தணிந்து நீ தோட்டத்தில் நடமாடிக்கொண்டிருக்க வேண்டும். நானும் என் வீட்டுக்காரர் ரூபர்ட்டும் சுகம். என் மகளைப் பற்றித்தான் முதல் வரியிலேயே கேட்க நினைத்தேன். கேட்டால் "உனக்கு அக்கா ஞாபகமே கிடையாது" என்பாய். அதனால் முழங்காலுக்கு முதல் மரியாதை.

இரண்டு வருடத்துக்கு முன்பு நாங்கள் வந்து இறங்கியபோது இங்கே புல்லும் காற்றும்தான். இப்போது வந்து பார்! மேட்டின் உச்சியில் தேவாலயம், அதற்குப் பக்கத்தில் வேட்டைக் குதிரைகளுக்கு லாயம், அடுத்து இளைஞர் விடுதி. விவசாயம் கற்றுக்கொள்ள இங்கிலாந்திலிருந்து தகப்பன்மார் அனுப்பிவைத்த நாற்பது பிள்ளைகள் அதில் இருக்கிறார்கள். ஒருவனுக்கும் கலப்பையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. நரி கிடைக்காததால் ஓநாயைத் துரத்துகிறார்கள், சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு! மேட்டுக்குக் கீழே புல்வெளி. அதன் நடுவில் ஊர்க்கிணறு. சுற்றி எங்கள் வீடுகள். நம் ஊரைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்ததுபோலவே இருக்கிறது.

ஊரை அமைத்த கேப்டன் டெவரெல்லுக்கு அதில் பெருமை தாங்கவில்லை. பக்கத்துப் பண்ணையில் இருக்கும் நார்வேக்காரி கெர்டா மட்டும் ஒருநாள் அவரிடமே கேட்டுவிட்டாள். "ஏன் சார், குதிரையும் கக்கூஸும் மேல, கிணறு கீழயா? மழை பெஞ்சா எது எங்க வந்து சேரும்?"

கேப்டன் சிரித்தார். "இங்கிலாந்துல ஐந்நூறு வருஷமா அப்படித்தான்மா. நாங்க யாரும் செத்துப் போயிடலையே."

மேபலின் அறைக்குக் கிழக்கே ஜன்னல் வைத்தாயிற்று. தச்சர் அவளுக்குக் கட்டில் செய்ய ஒப்புக்கொண்டிருக்கிறார். நான்கு வயதில் கக்குவான் இருமலோடு அவளை உன் மடியில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினேன். இந்தக் கோடையில் அனுப்பி வை அக்கா. இனிமேலும் என்னால் முடியாது.

இங்கே கடிதங்களை ஒட்டாமல்தான் கொடுக்கவேண்டும். ஊரைப் பற்றி அச்சடித்த தாளைக் கேப்டனே உள்ளே வைத்து ஒட்டுவார். "வீட்டுக்கு எழுதுறப்ப மூக்கைச் சிந்தக் கூடாது" என்பது அவர் சட்டம். ஆகவே நல்ல பிள்ளையாக முடிக்கிறேன்.

மேபலுக்கு நெற்றியில் ஒன்று, கன்னத்தில் ஒன்று.

உன் தங்கை,
ஹெஸ்டர்


டார்செட்
9 ஏப்ரல் 1888

என் அருமை ஹெஸ்டருக்கு,

முழங்கால் அதன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு நடக்கிறேன். உங்கள் இருவர் உடம்புக்கும் ஒரு குறையும் வராதிருக்கட்டும்.

உன் கேப்டனின் அச்சடித்த தாளைப் படித்தேன். காற்று அமிர்தமாம், மண் பொன்னாம். மனுஷன் பல் பொடி விற்கப் போயிருந்தால் இன்னும் நன்றாகப் பிழைத்திருப்பான்.

மேபல் விஷயம். இன்னும் ராத்திரியில் இருமுகிறாள். போன வாரம் கீழ்ப்பல் ஒன்று விழுந்தது. ஆறு வயதுக் குழந்தையைக் கடலில் மூன்றாயிரம் மைல் அனுப்புவது எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்கிற காரியம் இல்லை. அடுத்த வருடம் பார்க்கலாம்.

நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். "அம்மா எவ்வளவு உயரம் பெரியம்மா?" என்று கேட்டாள். கதவில் கைவைத்துக் காட்டினேன். அந்த இடத்தில் கரியால் கோடு போட்டு வைத்திருக்கிறாள். நான்தான் அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அகஸ்டா


ஆல்டர்மியர்
3 மே 1888

அக்கா,

நீ சுகமாக இருக்கிறாய் என்று தெரிந்ததில் சந்தோஷம். இங்கேயும் சுகம்தான். ஆனால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்திருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை.

போன வருடமும் இருமல். இந்த வருடமும் இருமல். அந்த இருமல் உன் மனசில்தான் இருக்கிறது. அவளைத் தர உனக்கு மனசில்லையென்றால் நேராகச் சொல்லேன்!

இங்கே பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். ஏழு குழந்தைகள். பாதிரியாரின் மகள் சிசிலிக்கு மேபல் வயதுதான். "மேபல் வந்தா என் பக்கத்துலதான் உக்காரணும்"னு இப்போதே பெஞ்சில் இடம் பிடித்து வைத்திருக்கிறாள். எதிர்வீட்டு ஹியூவும் பாசிலும் இரட்டையர்கள், சரியான வால்கள். என் கோழிகளுக்குக் கேப்டனின் வேட்டைநாய்ப் பெயர்களை வைத்துவிட்டார்கள். இவர்களெல்லாம் என் வாசலில் விளையாடுகிறார்கள். நான் ஜன்னலோரம் நின்று பார்க்கிறேன், என் குழந்தை மட்டும் இல்லை.

இங்கே பெருமழை. மூன்று நாளாகக் கொட்டுகிறது. கிணறு வாய்வரை நிறைந்துவிட்டது. இந்த வறண்ட பூமிக்கு நல்ல சகுனம் என்று கேப்டன் எல்லோருக்கும் ஒயின் கொடுத்தார்.

மேபலை அனுப்பு.

ஹெஸ்டர்


டார்செட்
28 மே 1888

என் அருமை ஹெஸ்டருக்கு,

உன் கோபம் உன் உடம்பைக் கெடுக்காமல் இருக்கட்டும். முழங்காலைப் பற்றி விசாரிக்க மறந்துவிட்டாய், பரவாயில்லை.

நீ கேட்டாய், சொல்கிறேன். ஆமாம். தர மனசில்லை. பெற்ற மனம் பித்து என்று சொல்லி வைத்தவர்கள், வளர்த்த மனம் என்னவென்று சொல்லி வைக்கவில்லை. காலையில் அவள் என் படுக்கையில் ஏறி, குளிர்ந்த காலை என் வயிற்றில் வைப்பாள். அது இல்லாமல் எப்படி எழுந்திருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. இருமல் பிப்ரவரியிலேயே நின்றுவிட்டது. பொய் சொன்னேன். மன்னித்துக்கொள்.

விட்லாக் தம்பதியை உனக்குத் தெரியும். டென்வரில் இருக்கும் தம்பியைப் பார்க்கப் போகிறார்கள், அக்டோபரில் திரும்புகிறார்கள். அவர்களோடு மேபல் வருவாள். ஆகஸ்ட் 18, லிவர்பூலில் கப்பல். உங்கள் ஊருக்கு அருகில் ரயில் நிற்கும் இடம் கோபர்ன் என்றாயே, அங்கே இறக்கிவிட்டு அவர்கள் மேலே போவார்கள். ஏதாவது தடை இருந்தால் அதற்குள் எழுது. வாய்க்குள் வைத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அகஸ்டா


ஆல்டர்மியர்
20 ஜூன் 1888

அன்புள்ள அகஸ்டா அக்கா,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. உன் கடிதத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதேன். நான்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

இங்கே வெயில் கடுமை. பள்ளிக்கூடத்துக்குச் சீக்கிரமே விடுமுறை விட்டுவிட்டார்கள். ஊரில் புதிதாகக் கட்டிய ஹோட்டலுக்கு வெள்ளையடிப்பதால் மாடி அறைகளைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். மேபலின் கட்டில் இன்னும் முடியவில்லை. தச்சருக்கு விடியற்காலை முதல் ஓயாத வேலை. பலகை போதவில்லையென்று கோபர்னுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். கெர்டா எங்களுக்கென்று அவள் வீட்டுக் கிணற்றிலிருந்து பீப்பாயில் தண்ணீர் கொண்டுவருகிறாள். தங்கமானவள். நமக்குத்தான் அவள் வாய் பிடிக்கவில்லை.

[இதற்குப் பிறகு ஐந்து வரிகள் கெட்டியான மையால் அடிக்கப்பட்டிருந்தன.]

அக்கா, இருமல் உண்மையாகவே நின்றுவிட்டதா? சந்தேகம் இருந்தால் அவசரம் வேண்டாம். குளிர்காலம் போகட்டும். அடுத்த வருடம்கூட அனுப்பலாம். நான் பொறுத்துக்கொள்வேன்.

ஹெஸ்டர்

[கீழே வேறு கையெழுத்தில்: மேடம், தங்கையின் தயக்கத்தைப் பொருட்படுத்த வேண்டாம். எங்கள் ஊர்க் காற்றில் தீராத இருமல் கிடையாது. குழந்தையை மகிழ்ச்சியோடு எதிர்பார்க்கிறோம். – டெவரெல்]


டார்செட்
14 ஜூலை 1888

ஹெஸ்டர்,

உடம்பு நன்றாக இருக்கிறதா? உண்மையைச் சொல்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலைகால் புரியவில்லை. அனுப்பு அனுப்பு என்று என் உயிரை எடுத்தவள், இப்போது "பொறுத்துக்கொள்வேன்" என்கிறாய். ஏழு உடை தைத்தாயிற்று. மேபல் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வருகிறாள். நான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு பெட்டி கட்டுகிறேன், நீ விளையாடுகிறாயா?

தச்சருக்கு ஓயாத வேலை என்றால் ஊர் வளர்கிறது என்றுதானே அர்த்தம்? பிறகென்ன? அந்த ஐந்து வரியை அடித்தது யார்? அந்த மனுஷன் என் தங்கையின் கடிதத்தில் எனக்கு எப்படி எழுதலாம்? போன கடிதத்தில் சிசிலி, ஹியூ, பாசில் என்று பக்கம் பக்கமாக எழுதினாய். இதில் ஒரு குழந்தையின் பெயர்கூட இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய் என்று மட்டும் தெரிகிறது, பூசணிக்காய் எது என்று தெரியவில்லை.

கடிதத்துக்கு நேரமில்லை. அனுப்பக் கூடாதென்றால் தந்தி அடி. ஆகஸ்ட் 17 மாலை வரை காத்திருப்பேன். தந்தி வரவில்லையென்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கப்பல் ஏற்றிவிடுவேன்.

அகஸ்டா


ஆல்டர்மியர்
8 ஆகஸ்ட் 1888

அக்கா,

நீ சுகமா என்று கேட்கக்கூட இன்று நேரமில்லை. இந்தக் கடிதத்தைக் கேப்டன் பார்க்கவில்லை. நாளை கெர்டா வெண்ணெய் விற்கக் கோபர்ன் போகிறாள், அவள் கூடையில் போகும்.

இங்கே டைபாய்டு. மே மாத மழைக்குப் பிறகு தொடங்கியது. முதலில் விடுதிப் பிள்ளைகள், பிறகு புல்வெளியைச் சுற்றியிருந்த வீடுகள். கெர்டா கேட்டதுதான் நடந்தது. மேட்டில் இருந்ததெல்லாம் மழையோடு இறங்கிக் கிணற்றில் கலந்துவிட்டது. அந்தத் தண்ணீரில்தான் சமைத்தோம், குடித்தோம். சிசிலி போய்விட்டாள். ஹியூ போய்விட்டான். பாசில் தனியாகப் படியில் உட்கார்ந்திருக்கிறான். இதுவரை பதினாறு பேர். பூட்டிய ஹோட்டல் அறைகளில் நோயாளிகளைத்தான் வைத்திருந்தார்கள். தச்சர் செய்தது சவப்பெட்டி. இதையெல்லாம்தான் அந்த ஐந்து வரியில் எழுதியிருந்தேன்.

செப்டம்பரில் முப்பது புதுக் குடும்பங்கள் வருகின்றனவாம். "இது வெயில் காய்ச்சல், பத்து நாள்ல போயிடும். அதுக்குள்ள ஊர் பேரைக் கெடுக்காதீங்க" என்கிறார் கேப்டன். அவருக்கு இது உண்மையாகவே அப்படித்தான் தெரிகிறது என்பதுதான் பயமாக இருக்கிறது.

உன் கடிதம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. உடனே "மேபலை அனுப்பாதே" என்று தந்தி எழுதிக் கேப்டனிடம் கொடுத்தேன். ரூபர்ட் காய்ச்சலில் கிடக்கிறார், என்னால் இருபத்தெட்டு மைல் போக முடியாது. கேப்டன் மார்பில் கைவைத்து வாக்குக் கொடுத்தார். நேற்றுப் போய் இன்று திரும்பிவிட்டார். "அனுப்பியாச்சு மேடம், கவலைய விடுங்க" என்றார்.

கெர்டாவிடமும் ஒரு தந்தி கொடுத்தனுப்பலாமா என்று நினைத்தேன். ரூபர்ட் காய்ச்சலிலும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஒரு கனவான் வாக்குக் குடுத்திருக்கார். அதுக்கு மேல இன்னொண்ணு அனுப்பினா அவரைப் பொய்யன்னு சொல்ற மாதிரி. நம்ம குடும்பத்துல அப்படிச் செய்ய மாட்டோம்." எனக்கும் அது சரியென்றே பட்டது. விட்டுவிட்டேன்.

இது கையில் கிடைக்கும்போது தந்தி உனக்கு முன்பே வந்திருக்கும். உன் படுக்கையில் அவள் காலை வைத்துக்கொண்டிருப்பாள். வைத்துக்கொள் அக்கா. உன்னிடமே இருக்கட்டும்.

ஹெஸ்டர்


டார்செட்
30 ஆகஸ்ட் 1888

ஹெஸ்டர், என் கண்ணே,

தந்தி வரவில்லை. எந்தத் தந்தியும் வரவில்லை.

பதினேழாம் தேதி மாலை தபால் ஆபீஸிலேயே உட்கார்ந்திருந்தேன். மூடுகிற வரை இருந்தேன். மறுநாள் நானே அவள் கையைப் பிடித்துக் கப்பலில் விட்டுவந்தேன். மேலே நின்றுகொண்டு "அம்மாகிட்ட என்ன சொல்லணும் பெரியம்மா?" என்று கத்தினாள். இன்று உன் கடிதம் வருகிறது! அவள் நியூயார்க்கில் இறங்கி மூன்று நாளாகிவிட்டது. விட்லாக்குகள் அங்கே சில நாள் தங்கிவிட்டுத்தான் ரயில் ஏறுவார்கள், ஆனால் எந்த வீட்டில் என்றுகூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

இப்போதுதான் கோபர்ன் ஸ்டேஷனுக்கு உன் பெயரில் தந்தி அடித்தேன். கெர்டாவின் பெயரிலும் அடித்தேன். யார் வாக்கையும் நம்பப் போவதில்லை. தபால் ஆபீஸ்காரர் "அம்மா, ஒரே தந்தியை ரெண்டு தரம் எதுக்கு?" என்றார். அவரைப் பார்த்து வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன், பாவம்.

ரூபர்ட் எப்படி இருக்கிறார்? நீ எப்படி இருக்கிறாய்? அந்தத் தண்ணீரைத் தொடாதே. கடவுளே, அவள் அதைத் தொடாமல் இருக்க வேண்டும்.

அகஸ்டா


கோபர்ன் ஸ்டேஷன்
5 செப்டம்பர் 1888

அன்புள்ள அக்கா,

முதலில் இதைப் படி: மேபல் சுகமாக இருக்கிறாள். ஆல்டர்மியரின் ஒரு சொட்டுத் தண்ணீரும் அவள் வாயில் படவில்லை. அவள் இறங்கவே இல்லை.

இனி நிதானமாக எழுதுகிறேன். ரூபர்ட் ஆகஸ்ட் 19 அன்று இறந்தார். ஊரில் யாரும் யாரையும் அடக்கம் செய்யக் காத்திருக்கவில்லை. வண்டி வைத்திருந்தவர்கள் சாமானை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வண்டி இல்லாதவர்கள் நடந்தார்கள். கேப்டன் டாக்டரை அழைத்துவரப் போகிறேன் என்று கிளம்பினார், இன்றுவரை வரவில்லை. சுற்றுப் பண்ணைக்காரர்கள் காலி வீடுகளிலிருந்து கதவையும் பலகையையும் கழற்றிக்கொண்டு போகிறார்கள். தேவாலயத்தின் மணியைக்கூட இறக்கிவிட்டார்கள். நேற்றுப் பார்த்தபோது எங்கள் வீதியில் நான்கு வீட்டுக்கு மட்டும்தான் கூரை இருந்தது.

உன் தந்திகள் இரண்டையும் கெர்டாவின் புருஷன் நில்ஸ் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று நாளாக இந்த ஸ்டேஷனில் இருக்கிறேன். ஆகஸ்ட் மாதத்தில் என் பெயரில் தந்தி ஏதாவது போனதா என்று ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்டேன். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு இல்லையென்று தலையாட்டினார்.

ஒவ்வொரு ரயிலும் வரும்போது என் குழந்தை இதில் இருக்கக் கூடாதென்று வேண்டிக்கொண்டேன். இரண்டு வருடமாக எந்தக் குழந்தை வரவேண்டுமென்று வேண்டினேனோ, அதே குழந்தை.

இன்று காலை எழுந்தபோது உடம்பு கொதித்தது. ரூபர்ட்டுக்கும் இப்படித்தான் தொடங்கியது. பதினோரு மணி ரயிலில் அவள் வந்தாள்.

இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கப் பன்னிரண்டு நிமிடம் ரயில் நிற்கும். நான் பத்தடி தள்ளி நின்றுகொண்டு திருமதி விட்லாக்கைக் கூப்பிட்டேன். கிட்டே வராதீர்கள் என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். "டென்வருக்கு உங்களோட கூட்டிட்டுப் போங்க. அக்டோபர்ல திரும்பறப்ப எங்க அக்காகிட்ட ஒப்படைச்சிடுங்க" என்றேன். அவர் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டார்.

மேபல் ஜன்னலில் இருந்தாள். நீ தைத்த நீல உடை. அக்கா, எவ்வளவு நீளமாக வளர்ந்திருக்கிறாள்! நீ அவளை எவ்வளவு நன்றாக வளர்த்திருக்கிறாய்! என்னைப் பார்த்தாள். தெரியவில்லை. நான் பாதியாகிவிட்டேன், தலைமுடியையும் வெட்டியாயிற்று, எப்படித் தெரியும்?

"எங்க அம்மா வந்திருக்காங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல கண்ணு."

"ஆல்டர்மியர் இன்னும் தூரமா?"

"அப்படி ஒரு ஊரே இப்ப இல்ல கண்ணு. எல்லாரும் போயிட்டாங்க. நீ பெரியம்மாகிட்டயே போயிடு."

"அப்ப அம்மா எங்க?"

நான் இஞ்சின் பக்கம் பார்த்தேன், இன்னும் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க யாரு?"

"பக்கத்து வீடு" என்றேன்.

கையை நீட்டினாள். கைகுலுக்கத்தான். நீ சொல்லிக்கொடுத்த மரியாதை. நான் என் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். என்ன மோசமான பெண் என்று நினைத்திருப்பாள். பிறகு வண்டி கிளம்பிவிட்டது.

அவளிடம் சொல்லிவிடாதே அக்கா. சொன்னால் அவளுக்கு அந்தப் பத்தடி வாழ்நாள் முழுக்க இருக்கும். அம்மாவைப் பார்க்கவே இல்லை என்றே இருக்கட்டும். கெர்டா என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்கிறாள். "என் கிணறு மேட்டுல இருக்கு, வா" என்கிறாள். வண்டி வந்து நிற்கிறது. எழுத முடிந்தால் எழுதுவேன்.

உன் முழங்காலைக் கவனித்துக்கொள்.

ஹெஸ்டர்


டார்செட்
9 நவம்பர் 1888

என் அருமை ஹெஸ்டருக்கு,

கெர்டாவின் விலாசத்துக்கு இது நான்காவது கடிதம். நீ எழுந்து உட்கார்ந்து இதைப் படிக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வேறு மாதிரி நினைக்க மறுக்கிறேன். கெர்டாவுக்கு ஆங்கிலம் எழுத வராது, அதனால்தான் பதில் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பாதிரியாரை விட்டு நார்வே மொழியில் ஒன்று எழுதச் சொல்லியிருக்கிறேன்.

மேபல் போன வியாழக்கிழமை வந்து சேர்ந்தாள். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. டாக்டர் இரண்டு முறை பார்த்துவிட்டார்.

சொல்லாதே என்று எழுதியிருந்தாய். ஏழு நாள் சொல்லாமல் இருந்தேன். எட்டாம் நாள், இன்று காலை, கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, "ஸ்டேஷன்ல ஒரு அத்தை கை குடுக்க மாட்டேன்னுட்டாங்க பெரியம்மா. என் கை அழுக்கா இருந்துச்சா?" என்று கேட்டாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நீ கோபித்தாலும் சரி. ஒரு கனவான் வாக்கைக் காப்பாற்றாமல் விட்டதற்கு நீ என்ன விலை கொடுத்தாய் என்று தெரியும். என் பங்குக்கு நானும் உன் சொல்லை மீறினேன். யார் அது, ஏன் கை கொடுக்கவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை. வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காகிதம் கேட்டாள். கீழே எழுதியிருப்பது அவள்தான். எழுத்துக்கூட்டிக்கூட நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

பதில் போடு ஹெஸ்டர். ஒரு வரி போதும்.

அகஸ்டா

அம்மா
நீ அம்மான்னு சொல்லியிருந்தா நான் இறங்கியிருப்பேன்
மேபல்